பாடம் நடத்துவதை விடச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது (ஏழு வயது செஸ் மாணவன்)

கறுப்புக்குதிரை:

சின்னக் குழு ஒன்றுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள். அதில் ஒருவனுக்கு ஏழு வயது. பெயர் வேண்டாம், சுட்டி என்றே வைத்துக்கொள்வோம். இப்படி ஒரு பிள்ளையை நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் பெருமை, இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் உட்கார மாட்டான். முழங்காலில் நிற்பான், ஒற்றைக்காலில் நிற்பான், மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஆடுவான். அவனுடைய காய் வெட்டுப்பட்டால் நேராகப் பெட்டிக்குப் போகாது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, "என் குடும்பத்தைப் பார்த்துக்கோங்க" என்று வசனம் பேசிவிட்டுத்தான் சாகும். ஒரு சிப்பாய்க்கே இந்தக் கதை என்றால் ராணி போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அவன் வெட்டிய குதிரை காலுறைக்குள் போய்விடும். கேட்டால் "அது லீவு போட்டிருக்கு சார்". செஸ் கடிகாரம் அவனுக்கு மேளம்.

ஆனால் கேள்வி கேட்பான் பாருங்கள். சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணி, யானை, மந்திரி, குதிரை இதில் எதுவாக வேண்டுமானாலும் மாறலாம் என்று சொன்னேன். "ஏன் ராஜாவா மாறக் கூடாது?" நீயே சொல் என்றேன். மேசையைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓடிவிட்டு வந்து, "ரெண்டு ராஜா இருந்தா எந்த ராஜாவைப் பிடிச்சா ஜெயிச்ச மாதிரி? சண்டை வந்துடும்" என்றான். இந்த ஆட்டம் எதைச் சுற்றி நடக்கிறது என்பதை மற்ற பிள்ளைகளுக்கு நான் படம் போட்டு விளக்க வேண்டியிருந்தது.

பிரச்சினை என்னவென்றால், யோசிப்பதற்கு முன் கை போய்விடுகிறது. காயைத் தொட்டு, நகர்த்தி, "ஐயோ" என்று திரும்ப எடுத்து, அதற்குள் எதிரில் இருக்கும் பிள்ளைக்குத் தான் என்ன ஆட நினைத்தோம் என்பதே மறந்துபோகிறது. மற்றவர்களும் இவனைப் பார்த்துக் காய்களுக்கு இறுதிச் சடங்கு நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். "அவனைக் கொஞ்சம் அடக்கி உட்கார வைங்க" என்கிறார் அவன் அப்பா. அடக்கினால் அந்தக் கேள்விகளும் சேர்ந்து போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

பாடவேளை:

தொடக்கப்பள்ளி ஆசிரியை. உங்களுக்கு ஒரு சுட்டி, எனக்கு ஒரு வகுப்பறையில் நாலைந்து பேர், அதனால் பொறாமையோடு படித்தேன்!

முதலில் ஒன்று கேட்கிறேன். குறும்பு எந்த நேரத்தில் வருகிறது என்று கவனித்தீர்களா? என்ன செய்கிறான் என்பதை விட இது முக்கியம். ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். வகுப்பை நன்றாக நடத்தும் ஆசிரியர்களுக்கும் திணறும் ஆசிரியர்களுக்கும், தப்பு நடந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. தப்பு நடப்பதற்கு முன்னால் செய்ததில்தான் வித்தியாசம். அறை முழுக்க என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது, அது தெரியும் என்று பிள்ளைகளுக்கும் புரியும்படி நடந்துகொள்வது, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு இழுக்காமல் நகர்வது, இப்படி.

என் அனுபவத்தில் தொண்ணூறு சதவீதக் குறும்பு இரண்டு வேலைகளுக்கு நடுவில் வருகிற காலி நேரத்தில் பிறப்பதுதான் (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, ஒரு பேச்சுக்கு). உங்கள் வகுப்பில் அது காய் அடுக்கும் நேரமாக இருக்கலாம், அடுத்தவர் ஆடி முடிக்கக் காத்திருக்கும் நேரமாக இருக்கலாம். ஒரு வாரம் அதை மட்டும் பாருங்கள். திட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம்.

பழையவாத்தியார்:

தம்பி, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் அவனை ரசிக்கிறீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே பாதி ஆட்டம் போய்விட்டது.

செஸ்ஸில் ஆசிரியருக்குக் கிடைத்திருக்கிற வசதி வேறு எந்தப் பாடத்திலும் கிடையாது. தொட்டால் ஆடியாக வேண்டும். உன் காயைத் தொட்டாயா, அதற்கு நகர்வு இருந்தால் அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளி காயைத் தொட்டாயா, வெட்ட முடியுமென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். இது நீங்கள் போட்ட விதி இல்லை, உலகம் முழுக்கப் போட்டிகளில் ஃபிடே, அதாவது சர்வதேச செஸ் கூட்டமைப்பு, வைத்திருக்கிற விதி. நீங்கள் சொன்னால் உங்களோடு வாதம் செய்வான், விதி சொன்னால் யாரோடு வாதம் செய்வான்? முதல் நாளே அதைக் கொண்டு வாருங்கள். ராணி பறிபோய் அழட்டும். அழுகை ஒன்றும் வியாதி இல்லை.

கறுப்புக்குதிரை:

ஐயா, விதியோடும் வாதம் செய்கிறான்!

தொட்டால் ஆட வேண்டும் என்பது வந்து நாளாகிவிட்டது. அதைக் கேட்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி: "ஊதினா தொட்ட மாதிரியா சார்?" அப்புறம், காயைக் கட்டத்தின் நடுவில் சரியாக வைக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடலாம், அப்போது ஆட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிக்கொடுத்தேன் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டான். தன் முறை வரும்போதெல்லாம் "அட்ஜஸ்ட்" என்று அறிவித்துவிட்டுப் பலகையில் இருக்கும் எல்லாக் காய்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். குதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டுமாம். விதிப்படி தப்பு இல்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

அதனால் அடுத்த விதியை எடுத்தேன். எதிராளியின் கவனத்தைக் கலைப்பதோ எரிச்சலூட்டுவதோ எந்த வகையிலும் கூடாது என்று ஃபிடே விதியிலேயே இருக்கிறது. காரணமில்லாமல் மறுபடி மறுபடி டிரா கேட்பதும் அதில் அடக்கம். சொன்ன பிறகுதான் தெரிந்தது, டிரா கேட்கலாம் என்பதே அவனுக்கு அதுவரை தெரியாது. அன்று முழுக்க நகர்வுக்கு ஒரு டிரா.

சிரிப்பு வருகிறதுதான். ஆனால் பாருங்கள், விதியின் ஓட்டையைத் தேடுகிற அந்தக் குணத்தைத்தான் நான் பலகைமேலும் அவனிடம் எதிர்பார்க்கிறேன். எதிராளி எதைக் காக்கவில்லை, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதுதானே ஆட்டம். இந்த இரண்டையும் எங்கே பிரிப்பது?

ஓரமாய்நிற்பவன்:

ஊதினால் தொட்ட மாதிரியா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள். எனக்குத் தூக்கம் வராது.

கறுப்புக்குதிரை:

நகர்வு ஒரு கையால் நடக்க வேண்டும், மற்றதெல்லாம் கவனத்தைக் கலைப்பதில் சேரும் என்று தீர்ப்பு சொல்லிவிட்டேன். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

மெட்ரோனோம்:

கீபோர்டு வகுப்பு எடுக்கிறேன், ஒருவருக்கு ஒருவர். எனக்கும் ஒரு வாண்டு உண்டு, ஆறு வயது, முழங்கையால் வாசிப்பாள். நேராகக் காரியத்துக்கு வருகிறேன்.

அரை மணி நேர வகுப்பை ஒரே துண்டாக அவளிடம் கொடுக்க முடியாது. சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, நடுவில் எழுந்து நிற்கிற வேலை ஒன்று வைத்துவிடுவேன். தாளத்தை நடந்து காட்டுவது, நான் வாசிக்கிற சுரம் ஏறினால் கையைத் தூக்குவது, இறங்கினால் உட்காருவது. அவள் உடம்பு எப்படியும் அசையத்தான் போகிறது, அந்த அசைவை நானே பாடத்துக்குள் இழுத்துவிட்டேன். சுட்டி மேசையைச் சுற்றி ஓடிவிட்டுத்தானே பதில் கண்டுபிடித்தான்? ஓடட்டும். கேள்வியைக் கொடுத்து ஓடவிடுங்கள். குதிரையின் நகர்வைத் தரையில் கட்டம் போட்டுக் குதிக்க வைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த முழங்கை. ஒரு சுரவரிசை சுத்தமாக வாசித்தால் ஒரு முழங்கை இடி. அவ்வளவுதான் ஒப்பந்தம். டேவிட் பிரிமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதிய விஷயம் இது, அதிகம் விரும்பிச் செய்கிற வேலையை விருப்பம் குறைந்த வேலைக்குப் பின்னால் வைத்தால் முன்னது பின்னதை இழுத்துக்கொண்டு போகும். பெரியவர்கள் காலங்காலமாகச் செய்துகொண்டிருப்பதுதான், பெயர் மட்டும் அவருடையது. உங்கள் சுட்டிக்கு அந்த மரண வசனம் இருக்கிறதே, அதைத் தடை செய்யாதீர்கள், விலை வையுங்கள். ஏன் அந்தக் காய் வெட்டுப்பட்டது என்று சரியாகச் சொன்னால் ஒரு வசனம்.

ஸ்டிக்கர், நட்சத்திரம் பக்கம் மட்டும் பார்த்துப் போங்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. சுட்டிக்கு ஆட்டத்தின் மேல் ஆசை தானாகவே இருக்கிறது. அதன் மேல் கூலி பேசாதீர்கள்.

இரட்டைவால்அம்மா:

நான் ஆசிரியர் இல்லை, இந்த மாதிரி ஒன்றைப் பெற்று வைத்திருப்பவள். இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

வகுப்பு முடிந்து கூட்டிப் போக வந்தால் வாசலிலேயே புகார் ஆரம்பிக்கும். அவனை வைத்துக்கொண்டே. "இன்னைக்கும் ஒரே அட்டகாசம்ங்க." அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் ஆசிரியர் முகத்தைப் பார்ப்பேன், என்ன அட்டகாசம் என்று யாருக்கும் தெரியாது. அட்டகாசம் என்று சொன்னால் நான் வீட்டில் போய் என்ன திருத்துவது? ‘அடுத்தவள் முறையில் இன்று காயைத் தொட்டான்’ என்று சொன்னால் எனக்கு ஒரு பிடி கிடைக்கும். நல்லது சொன்னாலும் அப்படித்தான். "கெட்டிக்காரன்" என்பதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த ரெண்டு ராஜா கேள்வியை என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் அதை வைத்தே ஓட்டியிருப்பேன்.

இன்னொன்று. வகுப்பில் காது கேளாதவன் மாதிரி இருக்கிறவன் வீட்டுக்கு வந்ததும் பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்து அதே பாடத்தை நடத்துகிறான். ஆசிரியரின் குரல், கையை ஆட்டுவது, கோபம் வந்தால் மூச்சு விடுவது உட்பட. எனவே பாடம் உள்ளே போகிறது, கவலைப்படாதீர்கள். நீங்கள் மூச்சு விடுவதும் போகிறது.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். உறவுக்காரர்கள் ஆளாளுக்கு "ஏடிஹெச்டியா இருக்கும், காட்டுங்க" என்கிறார்கள், கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறாம். துறுதுறுவென்று இருந்தாலே அதுவா?

பாடவேளை:

அக்கா, துறுதுறுப்பு மட்டும் இருந்தால் அது இல்லை. ஆனால் இணையத்தில் நாலு பேர் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்வதை வைத்தும் விட்டுவிடக் கூடாது, நான் உட்பட.

மருத்துவர்கள் பார்க்கிற அளவுகோல் கொஞ்சம் கறாரானது. டிஎஸ்எம் என்கிற அமெரிக்க மனநலக் கோளாறுக் கையேட்டின், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கவனக்குறைவு வகையிலோ மிகைத்துடிப்பு வகையிலோ ஆறு அறிகுறிகளாவது பிள்ளையிடம் இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், சில அறிகுறிகளாவது பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஓரிடத்தில் மட்டும் இல்லாமல் வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது அவனுடைய படிப்பையோ பழகுவதையோ உண்மையில் கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வகுப்பில் மட்டும் ஆட்டம் போடுகிற பிள்ளை என்றால் நான் முதலில் அந்த வகுப்பைப் பார்ப்பேன்.

இரண்டு பக்கமும் ஏமாறாமல் இருக்க இரண்டு விஷயம். ஒன்று, "பிடிச்ச வேலைன்னா மணிக்கணக்கா உட்காருவான், அதனால இருக்காது" என்று தள்ளிவிட முடியாது, ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளும் பிடித்ததில் ஆழ்ந்துபோவார்கள். இரண்டு, வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு இந்த முத்திரை அதிகம் விழுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒரே வகுப்பில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம், ஆறு ஏழு வயதில் அது மலை போன்றது. அப்படியே காதும் கண்ணும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘காது கேளாதவன் மாதிரி’ என்று நீங்கள் எழுதியதால் சொல்கிறேன்.

இரட்டைவால்அம்மா:

பார்க்கிறேன். நன்றி தங்கச்சி.

கறுப்புக்குதிரை:

பாடவேளை மேடம் சொன்னபடி ஒரு வாரம் நேரத்தைப் பார்த்தேன். சரியாகச் சொல்லிவிட்டீர்கள். தானே ஆடும்போது குறும்பு குறைவு. எதிராளி யோசிக்கும்போதுதான் எல்லாம். அந்த நேரம் அவனுக்குக் காலி நேரம்.

முழு ஆட்டத்தை நிறுத்தி, சிப்பாய்கள் மட்டும் வைத்து ஆடுகிற ஆட்டத்துக்குப் போனேன். பக்கத்துக்கு எட்டு, யாருடைய சிப்பாய் முதலில் மறுகரை சேர்கிறதோ அவர் ஜெயித்தார். சீக்கிரம் முடியும், காத்திருப்பு குறைவு, ஒரு நகர்வு தவறினாலும் விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும். இதில் அவனுக்குப் பொறுமை என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவசரப்பட்டு முன்னால் தள்ளிய சிப்பாய் தனியாக மாட்டிக்கொள்வதைப் பார்த்துத் தானே கையை இழுத்துக்கொண்டான்.

கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசி என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வதுதான். சொன்னேன். சமர்த்தாக வைத்துக்கொண்டான். மூக்கால் நகர்த்தினான்.

ஆனால் இந்த வாரம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். முழு ஆட்டம் ஒன்றில் படுமோசமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். மிச்சம் ஒரு ராஜாவும், முன்னால் முட்டிக்கொண்டு நகர முடியாத ஒரு சிப்பாயும். எதிரில் ஒரு அமைதியான பெண் குழந்தை, கையில் ராணி, யானை எல்லாம் இருக்கிறது. செக் இல்லாமல், ஆட நகர்வும் இல்லாமல் போனால் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருந்தேன், அப்போது அவன் மேசைக்கு அடியில் இருந்தான். இப்போது ராஜாவை வேண்டுமென்றே மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். அங்கே போய் நின்றுகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை, வசனம் இல்லை, மேளம் இல்லை. அவள் ராணியை ராஜாவிடமிருந்து சரியாகக் குதிரைத் தூரத்தில் கொண்டுவந்து வைத்தாள். மூலையில் இருக்கும் ராஜாவுக்கு அந்த இடம்தான் மூன்று வழியையும் ஒரேயடியாக அடைக்கும், செக்கும் ஆகாது. "நான் போக இடமே இல்லையே, செக்கும் இல்லையே" என்று எழுந்து நின்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தெரிந்தேதான் செய்தாயா என்று கேட்டேன். "அவ ராணியைக் கிட்டக் கொண்டுவருவான்னு தெரியும், அவளுக்கு ராணியை வெச்சு விரட்டப் பிடிக்கும்." எதிராளியைப் படித்திருக்கிறான்! ஏழு வயதில்!

பழையவாத்தியார்:

நல்ல விஷயம் தம்பி. மூலைக்கு ஓடியது அசல் செஸ், மறுக்க மாட்டேன். நான் கேட்பது வேறு. அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள்?

இவ்வளவு நீளமான இழையில் அவளுக்குக் கிடைத்தது "எதிரில் ஒரு அமைதியான பெண் குழந்தை" என்ற ஐந்து வார்த்தை. ராணியும் யானையும் சேர்த்து ஜெயிக்கும் நிலைமைக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தவள் அவள். காய் செத்து வசனம் பேசுவதையும், முப்பது காயைத் திருப்பி வைப்பதையும் பொறுத்துக்கொண்டு, மூக்கால் நகர்த்துவதைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். கடைசியில் நீங்கள் அவன் முகத்தைப் பார்த்தீர்கள். சுட்டிப் பிள்ளை நம் நேரத்தை எடுத்துக்கொள்வது பெரிதில்லை, நாம் சம்பளம் வாங்குகிறோம். அடுத்த பிள்ளையின் நேரத்தை எடுத்து இவனுக்குக் கொடுக்கிறோமே, அதற்குத்தான் நான் முதலிலிருந்து விதி, விதி என்று கத்துகிறேன்.

நிழல்மூலை:

இந்தத் தளத்தில் அதிகம் எழுதுவதில்லை. பள்ளி நாட்களில் அந்த எதிர்ப்பக்கத்துப் பெண் நான்தான், அதனால் எழுதுகிறேன்.

என் பக்கத்து இருக்கையில் ஒரு சுட்டி உண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கு அவனைப் பிடிக்கும். நான் செய்ய ஆசைப்பட்டு செய்யாததையெல்லாம் அவன் செய்வான், திட்டு அவனுக்கு, வேடிக்கை எனக்கு. கோபம் வந்தது அவன் மேல் இல்லை, ஆசிரியர் மேல். "நீ நல்ல பொண்ணு, இவன் பக்கத்துல உட்காரு, இவனைப் பார்த்துக்கோ" என்று உட்கார வைத்தார்கள். நான் அங்கே காவலுக்கு வந்தவள் இல்லையே. என் நோட்டைப் பார்த்து ‘சரி’ போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அவன் நோட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் சிரித்துப் பேசுவார்கள்.

அமைதியாக இருப்பதால் தலைக்குள்ளும் அமைதி என்று நினைக்காதீர்கள். அவளிடம் போய் ராணியை ஏன் அங்கே வைத்தாய் என்று கேளுங்கள். காரணம் வைத்திருப்பாள். இவன் ஏன் மூலைக்குப் போகிறான் என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

மெட்ரோனோம்:

நிழல்மூலை எழுதியதைப் படித்துவிட்டு என் குழு வகுப்பை நினைத்துக்கொண்டேன்.

ஒரு சின்ன உத்தி. மேரி பட் ரோ என்பவர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1970களில் எழுதியது இது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு நொடியில் பதில் சொல்ல ஆள் யார்? உங்கள் சுட்டியும் என் முழங்கையும்தான். எனவே என் வகுப்பில் கேள்வி கேட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது, எல்லாரும் எழுத வேண்டும், அப்புறம்தான் பேச்சு. நீங்களும் நகர்வைத் தாளில் எழுதிவிட்டுக் காயைத் தொடச் சொல்லிப் பாருங்களேன். கைக்கு ஒரு வேலையும் ஆயிற்று.

பழையவாத்தியார்:

போட்டியில் முன்கூட்டி எழுதக் கூடாது. ஆடிவிட்டுத்தான் எழுத வேண்டும். இப்போது பழக்கிவிட்டு அப்புறம் நடுவரிடம் திட்டு வாங்கப் போகிறான்.

கறுப்புக்குதிரை:

போட்டி தனி, வகுப்பு தனி ஐயா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடனே "அப்ப விதி மாறுமா?" என்று கேட்பான், அதற்கும் தயாராக இருக்கிறேன்.

நீங்களும் நிழல்மூலையும் எழுதியதைப் படித்துவிட்டு அவளிடம் கேட்டேன். "அவன் பேசாம இருந்தான், அதனால ஏதோ பண்றான்னு தெரிஞ்சுது. என்னன்னு தெரியல" என்றாள். அதாவது அவளுக்கு வந்த எச்சரிக்கை சரி, அடுத்த படி மட்டும் விடுபட்டிருக்கிறது. அவன் நகர்ந்தபின் அவனுக்கு என்னென்ன நகர்வு மிச்சம் என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தனியாக இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். அந்த நேரம் முழுக்க அவன் தரையில் குதிரை மாதிரி குதித்துக்கொண்டிருந்தான், மெட்ரோனோம் தயவு.

எழுதிவிட்டு ஆடுவதும் தொடங்கியாயிற்று. அவசரம் பாதியாகக் குறைந்திருக்கிறது. எழுத்துதான் யாராலும் படிக்க முடியாது, அவனாலேயே முடியவில்லை, "இதுல என்ன எழுதியிருக்கேன்?" என்று அவளிடம் கேட்கிறான். மரண வசனத்துக்கு ‘ஏன் வெட்டுப்பட்டது’ என்ற விலை வைத்ததில் ஒரு பக்கவிளைவு. இப்போது காய்களே காரணத்தோடு சாகின்றன. "என்னைக் காக்க யாரும் இல்லாத இடத்தில் என்னை நிறுத்திவிட்டாயே" என்று ஒரு யானை அழுதது. பாடத்தை இதை விட நன்றாக நானே சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாளாக அந்த விலையிலும் ஓட்டை கண்டுபிடித்து, வசனம் பேசுவதற்காகவே காயைக் கொடுக்கிறான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

அப்பாவிடம் "அடக்குவது" பற்றிப் பேசவில்லை. ரெண்டு ராஜா கேள்வியையும் ஸ்டேல்மேட்டையும் எழுதிக் கொடுத்தேன், கூடவே, அடுத்தவர் முறையில் காயைத் தொடாமல் இருப்பதைத்தான் இப்போது பழக்குகிறோம், வீட்டில் ஆடினாலும் அதை மட்டும் பாருங்கள் என்று ஒரு வரி. அவர் படித்துவிட்டு, அப்படியென்றால் போட்டியில் சேர்க்கலாமா என்கிறார்! என்ன சொல்வது?

பழையவாத்தியார்:

சேருங்கள். சின்னப் போட்டியாக. முன்பே மூன்று விஷயம் பழக்கிவிடுங்கள். ஆடிய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிட வேண்டும், எதிராளியோடு வழக்காடக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் கூடத்தை விட்டு வெளியே வர வேண்டும், இவன் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்ற பலகைகளுக்கு வர்ணனை செய்யப் போய்விடுவான். வெளியே அவனை ஓடவிட ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆட வேண்டிய ஆட்டத்துக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிதான் அவனுக்கு ஆபத்து என்று அந்த ஆசிரியை அம்மாதான் சரியாகச் சொன்னார்.

வசனத்துக்காகக் காயைக் கொடுக்கிறானா? ஜெயித்த ஆட்டத்தில் மட்டும்தான் வசனம் என்று மாற்றுங்கள். பலகையை அடுக்கியபின், முடிவில், எல்லாக் காய்க்கும் சேர்த்து ஒரே வசனம்.

அந்தப் பெண் குழந்தையையும் சேருங்கள். அவளுக்கும் பணம் கட்டச் சொல்லி அவர்கள் வீட்டில் நீங்களே பேசுங்கள், தானாகக் கேட்க மாட்டாள்.

கறுப்புக்குதிரை:

அவள் வீட்டுக்கு இன்று மாலையே பேசுகிறேன் ஐயா. ஜெயித்தால்தான் வசனம் என்பது பிரமாதம், ஆனால் ஸ்டேல்மேட் ஆனால் பாதி வசனமா என்று கட்டாயம் கேட்பான்.

ஓரமாய்நிற்பவன்:

அரை வசனம். அடுத்தவர் மீதியைப் பேசட்டும்.